வேலையை எழுதி வைக்கும் வேலை

‘பிராசஸ் டாகுமெண்டேஷன்’ என்ற வார்த்தை இப்போது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. மகன் ஐரோலியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், மருமகள் வீட்டிலிருந்தபடியே லாப்டாப்பில் வேலை செய்கிறாள். “என்னம்மா வேலை?” என்று கேட்டால் இந்த வார்த்தைதான் பதிலாக வருகிறது. டாக்டர், எஞ்சினியர், பாங்க் ஆபீசர் என்றால் ஊரில் இருக்கும் பெரியப்பாவிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது?

விஷயம் ரொம்ப எளிது. ஒரு நிறுவனத்தில் ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் யார் கை மாறுகிறது, எந்த இடத்தில் யார் சரி பார்க்கிறார்கள், எங்கே முடிகிறது என்பதை எழுதி, படம் போட்டு வைப்பதுதான் இது. நம் வீட்டில் ஆவக்காய் போடும் முறையைப் பாட்டி சொல்லச் சொல்ல ஒரு பழைய டயரியில் எழுதிக் கொள்கிறோம் அல்லவா? அதேதான். என்ன, பாட்டி இல்லாத நாளிலும் அதே ஊறுகாய் வர வேண்டும், எத்தனை பேர் போட்டாலும் ஒரே ருசி இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு இந்த ஆசை என்றைக்குமே உண்டு.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 1979-ல் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் சர்டிபிகேட்டுகளோடு தாதரில் வந்து இறங்கியவன் நான். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களில் பலருக்கும் இதே கதைதான். முதல் 7 வருஷம் கோட்டைப் பகுதி ஆபீசில் ஸ்டென்சில் வெட்டினேன். பிறகு தாணா – பேலாப்பூர் சாலையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்து, 2016-ல் ஓய்வு பெறும் வரை டாகுமெண்டேஷன் பிரிவிலேயே காலம் தள்ளினேன். அதற்குப் பிறகும் சில தொழிற்சாலைகள் கூப்பிடுகின்றன, போய் வருகிறேன். ஆகவே, காகிதக் காலத்தையும் பார்த்தாயிற்று, இன்டர்நெட் காலத்தையும் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

இந்தக் கலை ஒன்றும் புதிதல்ல. 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர், வேலையைக் குறிகளால் படம் போட்டுக் காட்டுவது எப்படி என்று விளக்கினார்கள். ‘பிராசஸ் சார்ட்’ என்று பெயர். கணவர் 1924-ல் இறந்துவிட்டார். 12 குழந்தைகளைப் பெற்ற லில்லியன் அம்மையார் அதே வேலையைத் தொடர்ந்தார். தொழிற்சாலையில் பார்த்த அதே கண்ணால் சமையலறையையும் பார்த்தார். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, ஒரு பண்டம் செய்ய எத்தனை அடி நடக்கிறோம் என்றெல்லாம் கணக்கெடுத்தார். காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டிக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். மாதுங்கா பிளாட்டுகளின் சமையலறையைக் கட்டியவர்கள் அந்த அம்மாளின் கட்டுரையைப் படித்திருக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்கிறாள்!

நம் நாட்டில் இந்த ஜுரம் பெரிய அளவில் பரவியது ஐ.எஸ்.ஓ. 9000 வந்த பிறகுதான். 1987-ல் முதலில் வெளிவந்த தர முறை அது. தொண்ணூறுகளில் தாணாவிலும் புனேயிலும் எந்தக் கம்பெனி வாசலைப் பார்த்தாலும் ‘ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் பெற்றது’ என்று பெரிய போர்டு தொங்கும். ‘செய்வதை எழுது, எழுதியதைச் செய்’ என்பது அன்றைய தாரக மந்திரம். 1994-ம் வருஷத்திய பதிப்பில் 20 பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் கத்தை கத்தையாகக் காகிதம். 2000-ல் வந்த திருத்தத்தில், கட்டாயம் எழுதி வைக்க வேண்டிய நடைமுறைகள் 6 ஆகக் குறைந்தன. 2015 திருத்தத்தில் ‘குவாலிடி மானுவல்’ என்ற தடிப் புத்தகம்கூடக் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் பீரோக்கள் காலியாகவில்லை. ஒரு முறை எழுதப்பட்ட காகிதத்தை அவ்வளவு சுலபத்தில் எறிய நம்மவர்களுக்கு மனசு வருமா?

மருந்துக் கம்பெனிகளில் இது இன்னும் கடுமை. அங்கே எழுதி வைப்பது சட்டம். ‘ஷெட்யூல் எம்’ விதிகளை மத்திய அரசு 2023 டிசம்பரில் திருத்தி இன்னும் இறுக்கியிருக்கிறது. எழுதாத வேலை செய்யாத வேலை என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

சிவப்பு முத்திரைக் காலம்

காகிதத்தில் உண்மையான சங்கடம் எழுதுவதில் இல்லை. பழையதைத் திரும்ப வாங்குவதில்தான் இருந்தது. ஒரு நடைமுறையைத் திருத்தினால் புதுப் பிரதிகளில் ‘கண்ட்ரோல்ட் காப்பி’ என்று சிவப்பு முத்திரை குத்தி ஒவ்வொரு பிரிவுக்கும் கையெழுத்து வாங்கிக் கொண்டு கொடுப்போம். பழைய பிரதியைத் திரும்ப வாங்கி எண்ணிப் பார்த்துக் கிழிப்போம். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். எண்ணிக்கையில் வராத ஜெராக்ஸ் பிரதிகள் மட்டும் மேஜை டிராயரிலும் மெஷினுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும்.

நான் அறிந்த ஒரு தொழிற்சாலையில் மாத்திரைகளை அலுமினியப் பட்டையில் அடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், யாரோ நல்ல எண்ணத்தில் லாமினேட் செய்து ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதில் சீல் செய்யும் ரோலரின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பட்டையின் தடிமன் மாறியபோது ஆவணத்தில் சூட்டைத் திருத்தினார்கள். அட்டை அப்படியே இருந்தது. இரவு ஷிப்டில் புதிதாக வந்த பையன் அட்டையைப் பார்த்துச் சூட்டை வைத்தான். பட்டை சரியாக ஒட்டவில்லை. சோதனையில் நீர் உள்ளே இறங்கியது. ஒரு முழு பாட்ச் போயிற்று. விசாரணையில் பையன் சொன்னது: “பீரோவில் இருப்பதைவிட மெஷினில் ஒட்டியிருப்பதுதானே உண்மை?” அவன் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் மும்பையின் டப்பாவாலாக்களை நினைத்துக் கொள்கிறேன். அவர்களிடம் மானுவல் கிடையாது. டப்பாவின் மூடியில் நாலைந்து எழுத்தும் எண்ணும் மட்டும்தான். எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்த வட்டாரம், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி எல்லாம் அதில் அடக்கம். 2020-ல் ரயில்கள் நின்றபோது அந்தத் தொழில் பெரிதாக அடிபட்டது வேறு கதை. ஆனால் ஆவணம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சாப்பாடு எங்கே போகிறதோ அங்கே அதுவும் கூடப் போகிறது!

பீரோவிலிருந்து ஆகாயத்துக்கு

கம்ப்யூட்டரில் படம் வரைய 1992-ல் ‘விசியோ’ என்ற சாப்ட்வேர் வந்தது. 2000-ல் மைக்ரோசாப்ட் அதை வாங்கிக் கொண்டது. கட்டமும் அம்புக்குறியும் அழகாக வரும். ஆனால் அது படம் மட்டும்தான். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் சம்பந்தம் இருப்பது அதற்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பாணியில் வேறு வரைவார்கள். இந்தக் குழப்பம் தீர 2004-ல் பி.பி.எம்.என். என்ற பொதுக் குறியீட்டு முறை வந்தது. 2011-ல் அதன் இரண்டாம் பதிப்பு. 2013-ல் அது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. மெல்லிய கோட்டு வட்டம் என்றால் தொடக்கம், தடித்த வட்டம் என்றால் முடிவு, முனை மழுங்கிய கட்டம் என்றால் ஒரு வேலை, சாய்சதுரம் என்றால் வழி பிரியும் இடம். நீச்சல் குளத்தில் கோடு போட்டுப் பிரிப்பது போல ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு பட்டை. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது அரை நாள் பாடம்.

அதற்குப் பிறகு எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டது. 2009-ல் பெர்லினில் தொடங்கிய சிக்னாவியோ என்ற கம்பெனி, பிரவுசரிலேயே எல்லோரும் சேர்ந்து படம் வரையும் வசதியைச் செய்து கொடுத்தது, 2021-ல் எஸ்.ஏ.பி. நிறுவனம் அதை வாங்கியது. இப்படிப் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ இருக்கின்றன. வருஷா வருஷம், ஏன் மாதா மாதம்கூட, ‘புது வசதிகள்’ என்று ஒரு பட்டியல் வந்து கொண்டே இருக்கும். புதுப் பட்டுப் புடவை டிசைன் மாதிரிதான். பத்தில் எட்டு கண்ணுக்கு. மற்ற இரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, ‘இது எங்கெல்லாம் பயன்படுகிறது’ என்று காட்டும் வசதி. ஒரு படிவத்தின் எண்ணை மாற்றினால் அந்தப் படிவம் எந்தெந்த நடைமுறைகளில் வருகிறது என்ற பட்டியலை மென்பொருளே எடுத்துக் கொடுத்துவிடும். இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. நான் இதற்காக நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை 20 வருஷத்துக்கு மேல் கையால் எழுதிப் பராமரித்தவன். தீபாவளி லீவில்கூட அந்த நோட்டைப் பற்றிய கவலை போகாது. அது இல்லாமல் ஒரு சின்ன மாற்றம்கூடச் செய்ய முடியாது.

இரண்டாவது, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களை மட்டும் வண்ணத்தில் காட்டுவது. 14 பக்க ஆவணத்தில் மாறியது ஒரே ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரிக்காக 14 பக்கத்தையும் படி என்றால் யார் படிப்பார்கள்? மெஷினில் ஒரு சின்னச் சதுரக் குறியை ஒட்டி, டாப்லெட்டால் அதை ஸ்கேன் செய்தால் நடப்பில் இருக்கும் பதிப்பு மட்டும் திறக்கும் வசதியும் வந்திருக்கிறது. லாமினேட் செய்த அட்டைக்கு இனி வேலை இல்லை. நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். தொழிற்சாலைத் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைப்பது அவ்வளவு நிச்சயமில்லை.

பச்சை பட்டன்

மூன்றாவதாக ஒரு வசதி உண்டு. அதைப் பாராட்டுவதா திட்டுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ‘படித்தேன், புரிந்து கொண்டேன்’ என்று ஒவ்வொரு ஊழியரும் திரையில் ஒப்புதல் கொடுப்பது. காகிதக் காலத்தில் இதற்கு ஒரு கையெழுத்துப் பட்டியல் இருந்தது. இப்போது யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு ஒப்புக் கொண்டார் என்பதெல்லாம் அழியாமல் பதிவாகிறது. எலெக்ட்ரானிக் பதிவுக்கும் கையெழுத்துக்கும் அமெரிக்க மருந்துத் துறை 1997-லேயே விதி வகுத்துவிட்டது. அங்கே ஏற்றுமதி செய்கிறவர்கள் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

2022-ல் நான் ஆலோசனைக்குப் போய்வந்த ஒரு தொழிற்சாலையில் (நான் வேலை பார்த்த இடம் இல்லை) இது வினையாக முடிந்தது. மாத்திரைக்கான பொடியைச் சலிக்கும் சல்லடையை வேலை முடிந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கம்பி அறுந்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும் என்பது பழைய முறை. வேலை தொடங்கும் முன்பும் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். நியாயமான திருத்தம்தான், கம்பித் துண்டு மருந்தில் கலந்தால் சாப்பிடுகிறவர் கதி என்ன ஆவது? ஆனால் ஒரு ஆபரேட்டர் பழையபடியே முடிவில் மட்டும் பார்த்தார். மெமோ வந்தது. ஆவணம் திறந்த நேரம் 9.14, ஒப்புதல் கொடுத்த நேரமும் 9.14. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார்கள்.

அவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். ஹிந்தி, மராட்டி சரளமாகப் பேசுவார்; படிப்பது தமிழ் மட்டும்தான். 19 வருஷ சர்வீசில் அதுதான் முதல் மெமோ. கான்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, எம் பேருக்கு நேரா சிவப்பா ஆறு நின்னுச்சு. டீக்கு முந்தி எல்லாத்தையும் பச்சையாக்கிரணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. ஆக்கிட்டேன்.”

“ஒண்ணையாவது படிச்சீங்களா தம்பி?”

“இங்கிலீஷ்ல பதினாலு பக்கம் அண்ணாச்சி. நான் அதைப் படிச்சிட்டு உக்காந்திருந்தா மெஷினை யாரு ஓட்டுறது?”

என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அன்று அதே ஆவணத்துக்கு ஒப்புதல் கொடுத்த எல்லோருடைய நேரத்தையும் அதே மென்பொருளிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். ஒரு நிமிஷத்தைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெமோவில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அந்த விரல்களில் அடங்கவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மெமோ வாபஸ் ஆகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தும் பேச்சு மட்டும் நின்றது. அது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வேறு சில காரியங்கள் நடந்தன. மாறிய பகுதியை மட்டும் ஒரே பக்கத்தில், படத்தோடு, ஹிந்தியிலும் மராட்டியிலும் போட்டார்கள். ஒப்புதல் கொடுக்கும் முன் 3 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இந்தக் கேள்வி வசதி மென்பொருளில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்கள் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை!

தமிழிலும் போடுங்கள் என்றேன். “அஞ்சு பேருக்காகவா?” என்றார்கள். நம் நண்பர் ஒரு காரியம் செய்தார். ஒரு அட்டையில் தமிழில் தாமே எழுதி மெஷின் பக்கத்தில் வைத்துக் கொண்டார். அடுத்த தணிக்கையில் ‘கட்டுப்பாட்டில் இல்லாத ஆவணம்’ என்று அதை எடுத்துப் போய்விட்டார்கள். விதிப்படி அது சரி. மேலே சொன்ன லாமினேட் அட்டையும் இதே மாதிரிதானே? அப்போதுதான் மென்பொருளின் புதுப் பதிப்பில் ஒரு நல்ல வசதி வந்திருப்பதைக் கவனித்தோம். ஒரே ஆவண எண்ணுக்குக் கீழே பல மொழிப் பிரதிகளை இணைத்து வைக்கலாம். ஆங்கில மூலத்தில் ஒரு வரி மாறினாலும் மற்ற மொழிப் பிரதிகள் மீது ‘மீண்டும் சரி பார்க்கவும்’ என்று அடையாளம் விழும். சரி பார்த்துக் கையெழுத்திடும் வரை அவை திறக்காது. அந்த அட்டையில் இருந்ததை நான் டைப் செய்து, ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய தமிழ் இப்போது ஆவண எண்ணோடு, திருத்த எண்ணோடு, முறையாக அந்தத் திரையில் வருகிறது. ‘சல்லடையை லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடி’ என்று அவர் எழுதியிருந்ததை நான் மாற்றவில்லை. ஆங்கில மூலத்தில் அதே விஷயம் இரண்டரை வரி.

வெளியூர்களில் கிளை வைத்திருக்கும் நம் தொழிலதிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கிடங்கில் வேலை செய்யும் பிகார் பையனுக்கும் ஒடிசா பையனுக்கும் இதே கதைதான்.

பேசினால் படம் வரையுமாம்

இப்போது எல்லா இடத்திலும் ஏ.ஐ. பற்றித்தான் பேச்சு. ‘ஒரு நடைமுறையைச் சாதாரண வார்த்தையில் சொல்லுங்கள், படத்தையும் ஆவணத்தையும் நாங்கள் தயாரித்துக் கொடுக்கிறோம்’ என்கிறார்கள். விளையாட்டாக நானும் ஒன்று கொடுத்துப் பார்த்தேன். ஒரு மருந்தை அடைத்து முடித்து அடுத்த மருந்தைத் தொடங்கும் முன், பழைய லேபிள், அட்டைப் பெட்டி, ஒற்றை மாத்திரைகூட அந்த இடத்தில் மிச்சம் இல்லை என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடும் முறை. 10 வரியில் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள் அழகான படம், தலைப்பு, நோக்கம், பொறுப்பு எல்லாம் வந்தது. என் காலத்தில் இரண்டு நாள் வேலை.

உட்கார்ந்து படித்தேன். ‘ஷிப்ட் மானேஜர் ஒப்புதல்’ என்று நான் சொல்லாத ஒரு படி இருந்தது. பல தொழிற்சாலைகளில் அப்படி இருக்கலாம். நான் மனசில் வைத்துச் சொன்ன தொழிற்சாலையில் இரவில் ஷிப்ட் மானேஜரே கிடையாது! அதை அப்படியே ஏற்றுக் கொண்டிருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு இல்லாத மானேஜருக்காக வேலை நிற்கும். அல்லது, இதுதான் நடக்கும், காலையில் வந்து யாராவது இரவு நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவார்கள். அதற்குப் பெயர் போலிப் பதிவு. மருந்துத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

இன்னொரு வகை மென்பொருளும் இருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது ஒவ்வொரு கிளிக்கையும் கவனித்து, திரையைப் படம் பிடித்து, படி 1, படி 2 என்று ஆவணமாக்கிவிடும். ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது, சம்பளப் பட்டியல் தயாரிப்பது போன்ற வேலைகளுக்கு இது அருமை. ஆனால் படம் பிடிக்கும்போது திரையில் இருக்கும் ஆதார் எண், பாங்க் கணக்கு எல்லாம் சேர்ந்து விழும். மறைத்துக் காட்டும் வசதியை முதலில் போட்டுக் கொள்ளுங்கள். தவிர, எந்த பட்டனை அழுத்தினோம் என்றுதான் அதற்குத் தெரியும், ஏன் அழுத்தினோம் என்று தெரியாது. அந்த ‘ஏன்’ எழுதப்படாமல் போனால், இரண்டு வருஷம் கழித்து வரும் புது மேலாளர் இது அநாவசியம் என்று அந்தப் படியை நீக்கிவிடுவார்.

வேலை போய்விடுமா என்று இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். வெறுமனே டைப் அடித்து, கட்டம் வரைந்து, தலைப்பைச் சீர் செய்கிற வேலை குறையத்தான் செய்யும், மழுப்பிப் பயனில்லை. ஸ்டென்சில் வெட்டுகிற வேலையும் அப்படித்தான் போயிற்று. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஓட்டுகிறவரோடு டீ குடித்து, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டு வருகிற வேலையை இதுவரை எந்தச் சாப்ட்வேரும் செய்யவில்லை. அதைக் கற்றுக் கொள்ளச் சொல்லுங்கள். ஹிந்தியும் மராட்டியும் கூடவே.

சிறிய அளவில் தொழில் செய்யும் நம் அன்பர்கள் (லாரி சர்வீஸ், தோல் பை, கேட்டரிங் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்) எடுத்தவுடன் விலை உயர்ந்த மென்பொருளுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். எழுதுகிறவருக்கும் படிக்க மட்டும் செய்கிறவருக்கும் ஒரே கட்டணமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக இன்னொன்று கேளுங்கள்: நாளைக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் என் ஆவணங்கள் எனக்கு எந்த உருவத்தில் திரும்பி வரும்? படங்கள் பி.பி.எம்.என். பைலாக வந்தால் வேறு மென்பொருளில் திறக்கலாம். வெறும் போட்டோவாக வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். விற்க வருகிற பையன் இந்தக் கேள்விக்குச் சற்றுத் திணறுவான். பரவாயில்லை, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

நம் சங்கத்திலேயே ஒரு சோதனை செய்து பார்த்தோம். 18 வருஷமாகப் பொங்கல் விழாவை முன்னின்று நடத்திய நம் செயலாளர், மகனோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். ஹாலுக்கு முன்பணம் யாரிடம் கட்டுவது, நாதஸ்வரக் கோஷ்டியை எத்தனை மாதம் முன்பு சொல்லி வைப்பது, வாடகை அண்டாக்கள் எத்தனை லிட்டர், கரும்பு எந்த மார்க்கெட்டில் எந்த நாளில் மலிவு, ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி, ராத்திரி 10 மணிக்கு மைக்கை யார் நிறுத்துவது... எல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. நானும் மகளிர் அணியைச் சேர்ந்த இரண்டு பேரும் அவரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி எழுதிக் கொண்டோம். பெரிய சாப்ட்வேர் ஒன்றும் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற, எல்லோரும் பார்க்கக் கூடிய ஒரு ஆன்லைன் பைல். 4 பக்கம் வந்தது. தமிழில்தான்.

அதில் இப்போது 3-வது திருத்தம் நடப்பில் இருக்கிறது. ஒலிபெருக்கி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளையும் அண்டாக்களின் எண்ணிக்கையையும் மாற்றியிருக்கிறோம். 1, 2-வது திருத்தங்களை அச்செடுத்து வைத்திருக்கும் கமிட்டி உறுப்பினர்கள் தயவு செய்து அவற்றைக் கிழித்துப் போட்டுவிடவும்.